ஏஐ சப் எடிட்டருடன் ஏழு மாதம்: பயன்படுத்தியவர் எழுதும் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கருவியின் பெயரை எழுதப் போவதில்லை. வாங்கியது எங்கள் அலுவலகம், ஒன்றாம் தேதி எனக்குச் சம்பளம் போடுவதும் அதே அலுவலகம், அவ்வளவுதான் காரணம். பெயர் தெரிந்தாலும் உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இருக்காது. இந்த மாதிரி ‘எழுதித் தரும்’ சேவைகள் பெரும்பாலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். உள்ளே ஓடுவது ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் மொழி மாடல், வெளியே ஒரு நிறம், ஒரு லோகோ, நாலு பொத்தான். அதனால் வேறு எதையாவது வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன், முக்கியமாகத் தமிழில் செய்தித் தளம் நடத்துகிறவர்களுக்கு, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

நான் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் 11 வருடமாக சப் எடிட்டர், அதாவது வருகிற செய்தியைத் திருத்தி எழுதித் தலைப்புப் போடுகிற வேலை. இந்தக் கருவி வருவதற்கு முன் டெஸ்க்கில் மூன்று ஷிப்டுக்குமாக ஒன்பது பேர் இருந்தோம். இப்போது நாலு பேர், ப்ளஸ் இது. ‘ஆட்குறைப்பு’ என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஒருவர் போனார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இரண்டு பேரின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. ஒருவரை வீடியோ பக்கம் மாற்றினார்கள், அவரே ஒரு மாதத்தில் கிளம்பிவிட்டார். கடைசியாக சீஃப் சப், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிட்டவர், “நான் கெளம்பறேம்ப்பா, எனக்கு இதுல என்ன வேலைன்னே புரியல” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மேசையில் ஒரு நீல அட்டை நீள நோட்டை விட்டுவிட்டுப் போனார். அந்த நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சரி, கருவிக்கு வருவோம். திரையில் ஒரு பெட்டி. அதில் செய்தி ஏஜென்சியின் ஆங்கிலக் காப்பியை (செய்தியின் எழுத்து வடிவத்தை நாங்கள் காப்பி என்போம்) ஒட்டலாம், ஒரு வாட்ஸ்அப் தகவலை ஒட்டலாம், ஒன்றும் இல்லையென்றால் வெறும் தலைப்பை மட்டும் கொடுக்கலாம். ‘செய்தி’, ‘சிறப்புக் கட்டுரை’, ‘பத்துத் தலைப்பு’, ‘மனித நடை’ என்று நாலு பொத்தான். ஆர்டர் செய்த டீ மேசைக்கு வருவதற்குள் முந்நூறு வார்த்தை வந்துவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ‘மனித நடை’ என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் வாக்கியத்துக்கு முன்னால் “நண்பர்களே” போடும், நடுவில் இரண்டு இடத்தில் ஆச்சரியக்குறி போடும், கடைசியில் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கும். மனிதன் என்றால் இவ்வளவுதான் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கம் விலை. தமிழ்ச் செய்தித் தளத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காலை ஷிப்டில் முதலில் ஏறுகிற காப்பிகளில் ஒன்று அது. கிராமுக்கு எவ்வளவு, சவரனுக்கு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம். ஐந்து வருடம் நான்தான் அதை எழுதினேன், ஞாயிற்றுக்கிழமை தவிர. எழுதினேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். எண்களை மாற்றிவிட்டு, நேற்று ‘கிடுகிடு’ போட்டிருந்தால் இன்று ‘அதிரடி’ போடுவேன், இறங்கியிருந்தால் ‘நகைப்பிரியர்கள் மகிழ்ச்சி’, ஏறியிருந்தால் ‘இல்லத்தரசிகள் அதிர்ச்சி’. இந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. நிஃப்டி, பெட்ரோல் விலை, அணை நீர்மட்டம், கிரிக்கெட் ஸ்கோர், எல்லாம் அப்படித்தான். இது ஒன்றும் புதுசும் இல்லை. அமெரிக்காவில் ஏபி செய்தி நிறுவனம் 2014லேயே கம்பெனிகளின் காலாண்டு லாபக் கணக்குச் செய்திகளை மென்பொருளிடம் கொடுத்துவிட்டது. ஆட்கள் உட்கார்ந்து எழுதியபோது காலாண்டுக்கு 300 செய்தி வந்தது, மென்பொருள் வந்ததும் 3,000ஐத் தாண்டியது. அதனால் யாருக்கும் வேலை போகவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். அது எண்களை அச்சில் ஊற்றி எடுக்கிற மென்பொருள், கையில் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏனென்றால் எங்கள் கருவி அப்படி இல்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் கிராமுக்கு ஏறிய தொகையை எடுத்து சவரனுக்கு ஏறியதாகப் போட்டுவிட்டது. சவரன் என்றால் எட்டு கிராம், அதற்குத் தெரியும், கேட்டால் அழகாக விளக்கம் கூடச் சொல்லும். ஆனால் எழுதும்போது கணக்குப் போடவில்லை, வாக்கியம் சரளமாக வருகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அது தளத்தில் இருந்தது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, கீழே கமெண்டில் ஒருத்தர், “எந்தக் கடைன்னு சொல்லுங்க, இப்பவே போறேன்” என்று கேட்டிருந்தார். இதைப் படித்துச் சிரித்துவிட்டு, சீநெட் கதையை நினைத்துக்கொண்டேன். 2022 நவம்பரிலிருந்து அந்த அமெரிக்கத் தளம் பணம், வங்கி, வட்டி பற்றிய 77 கட்டுரைகளைச் சத்தமில்லாமல் ஏஐயை வைத்து எழுதியது, விஷயம் வெளியே வந்ததும் தாங்களே உட்கார்ந்து சரிபார்த்து 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டார்கள். அதில் ஒன்றில், 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் முதல் வருடம் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று இருந்தது. வட்டி 300 டாலர்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். தப்பு நடந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அவ்வளவு நாள் எடிட்டர் கண்ணில் படாமல் போனதுதான். ஆனால் எனக்குத் தெரியும் எப்படிப் படாமல் போகும் என்று. சுத்தமான, பிசிறில்லாத வாக்கியத்தைப் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொச்சையாக எழுதி அனுப்புகிற ஸ்ட்ரிங்கரின், அதாவது ஊரில் இருக்கிற பகுதிநேர நிருபரின், காப்பியில்தான் நாம் வரி வரியாக நிற்போம்.

தமிழ் எப்படி என்று கேட்பீர்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒற்று பாதி இடத்தில் விழும், பாதி இடத்தில் விழாது, அது எங்களில் சிலருக்கும் அப்படித்தான். ஆங்கிலம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டாவது பத்தியில் தெரிந்துவிடும். பங்குச் சந்தைச் செய்தியில் “நாளின் முடிவில், முதலீட்டாளர்களின் நம்பிக்கையே முக்கியம்” என்று எழுதியிருந்தது. சந்தை மூன்றரை மணிக்கு முடிகிறதே, அதைச் சொல்கிறதா, இல்லை ஆங்கிலத்தில் ‘கடைசியில் பார்த்தால்’ என்ற அர்த்தத்தில் வரும் ‘அட் தி எண்ட் ஆஃப் தி டே’யை அப்படியே பெயர்த்துப் பொதுவாகப் பேசுகிறதா என்று நான் கொஞ்ச நேரம் முழித்தேன். பங்குனி உத்திரத்துக்கு முருகன் “மயில் வாகனத்தில் அமர்ந்து பயணம் செய்தார்” என்று எழுதியது. பயணம் செய்வதற்கு அவர் என்ன பஸ்ஸிலா போனார்? சாமி எழுந்தருளும், வீதியுலா வரும். இதையெல்லாம் ஒருமுறை திருத்திச் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கு நினைவில் வைத்திருக்கும், மறுநாள் புது உரையாடலில் மறுபடியும் அமர்ந்து பயணம் செய்வார்.

ஆனால் ஒரு விஷயம் என்னைக் கூனிக்குறுக வைத்தது. இது எழுதுகிற செய்தியில் மூன்றுக்கு இரண்டு “என்பது குறிப்பிடத்தக்கது” என்று முடிகிறது. எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது, என்னடா இது எதற்கெடுத்தாலும் குறிப்பிடத்தக்கது என்று. அப்புறம் பழைய காப்பிகளை எடுத்துப் பார்த்தேன், நான் எழுதியவை, எனக்கு முன்னால் எழுதியவர்களுடையவை. ஒரே பக்கத்தில் ஐந்து குறிப்பிடத்தக்கது. அதை இதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான். ‘நாளை எந்தெந்த மாவட்டங்களுக்கு விடுமுறை? முழு விவரம்!’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே நாலு பத்திக்கு வானிலையையும் வரலாற்றையும் சுற்றிவிட்டு, கடைசியில் “இதுவரை அறிவிப்பு எதுவும் வெளியாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது” என்று முடிக்கிற வித்தையை எங்கள் டெஸ்க்கில் நான்தான் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போனில் கூகுள் தானாகவே செய்திகளைக் காட்டுகிற கூகுள் டிஸ்கவரில் அது தூக்கும், அந்த மாதம் டார்கெட் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு 18 காப்பி எழுதினேன், 18லும் என் மூளை தேவைப்பட்டது இரண்டுக்கோ மூன்றுக்கோதான். மீதி 15ஐ யார் வேண்டுமானாலும், எது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதனால் “ஏஐ எங்கள் வேலையைப் பிடுங்கிவிட்டது” என்று நண்பர்கள் ஸ்டேட்டஸ் போடும்போது நான் லைக் போடுகிறேன், ஆனால் முழு மனசோடு இல்லை. பத்து வருடம் எங்களை இயந்திரமாக்கிப் பழக்கினார்கள், நாங்களும் பழகினோம், அதன்பிறகு அசல் இயந்திரம் எங்களைவிட மலிவாக வந்து நின்றது.

மலிவு என்று சொன்னேன், விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, வாங்குகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். இந்தச் சேவை மாதச் சந்தா மாதிரி தெரிந்தாலும் உள்ளே ‘கிரெடிட்’ கணக்கு ஓடுகிறது. கிரெடிட் என்பது டோக்கன், அதாவது மாடல் எழுத்துகளை வெட்டிக்கொள்கிற துண்டு. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ துண்டுதான். தமிழில் அப்படி இல்லை. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. பழைய மாடல்கள் இதைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் படித்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே ஒரு மாதிரி வாக்கியத்துக்கான கணக்கை வெளியிட்டது: தமிழில் 116 டோக்கன் ஆனது 35 ஆகக் குறைந்திருக்கிறது, ஆங்கிலத்தில் 27 ஆக இருந்தது 24. அதாவது அதற்கு முன்னால் ஒரே சங்கதியைத் தமிழில் சொல்ல நாலு மடங்குக்கும் மேல். எங்கள் சேவை பழைய வெட்டு முறையை வைத்துக்கொண்டே பில் போட்டிருக்கிறது என்று தோன்றுகிறது, ஏனென்றால் முதல் மாதம் 17ஆம் தேதியே கிரெடிட் தீர்ந்துபோய்விட்டது. வாங்கும்போது ஆங்கில டெமோ காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். உங்கள் தமிழ்க் காப்பி ஒன்றை ஒட்டி, எத்தனை கிரெடிட் போகிறது என்று அங்கேயே பாருங்கள்.

இனி அந்த நீல நோட்டு. நாலாவது மாதம் தென் மாவட்டத்திலிருந்து ஒரு சொத்துத் தகராறு, வெட்டுக்குத்து, ஒருவர் ஆஸ்பத்திரியில். ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வந்தது, வெட்டியது ‘அங்கிள்’ என்று இருந்தது. கருவி அதை ‘மாமா’ என்று மொழிபெயர்த்து, முந்நூறு வார்த்தையில் முடித்து, பத்துத் தலைப்பும் கொடுத்தது, ‘மருமகனை வெட்டிய மாமா’ என்று முதல் தலைப்பு. இப்போது தமிழில் இது என்ன அர்த்தம் கொடுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமா என்றால் அம்மா கூடப் பிறந்தவர், அல்லது மாமனார், சீர், தாய்வழி உறவு, கதையே வேறு. சொத்துத் தகராறு என்றால் பங்காளிச் சண்டையாகத்தான் இருக்கும், அப்படியென்றால் சித்தப்பாவா பெரியப்பாவா? காப்பியில் அது இல்லை. கருவியிடம் கேட்டேன், “சூழலைப் பொறுத்து சித்தப்பா என்று மாற்றலாம்” என்று உடனே மாற்றிக் கொடுத்தது. எந்தச் சூழல்? அதற்கு எப்படித் தெரியும் அப்பாவுக்கு இளையவர் என்று? அண்ணன் இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், “ஸ்டேஷனுக்குப் போன் போட்டியா?” அவர் விட்டுப்போன நோட்டில் அதற்குத்தான் எல்லாம் இருந்தது, மாவட்ட வாரியாக ஸ்டேஷன் ரைட்டர்கள், ஸ்ட்ரிங்கர்கள், தாலுகா ஆபீஸ், கோயில் அலுவலகம், ஒரு ஊரில் டீக்கடைக்காரர் நம்பர் கூட இருக்கிறது, பக்கத்தில் ‘விவரமானவர்’ என்று எழுதி அடிக்கோடு. அந்த ஊர் ஸ்ட்ரிங்கரைப் பிடித்தேன். நாலு நிமிடம். “பெரியப்பா சார். வரப்புத் தகராறு, ரெண்டு வருஷமா ஓடுது. வெட்டுனதும் அவரே தூக்கிட்டு ஓடியிருக்காரு ஆஸ்பத்திரிக்கு.” கடைசி வாக்கியம் ஏஜென்சி காப்பியிலும் இல்லை, இயந்திரம் எழுதிய முந்நூறு வார்த்தையிலும் இல்லை. செய்தியே அதுதான்.

இந்த ஏழு மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒரு தடவை கூட நான் பார்க்காத ஒரு வாக்கியம், “தெரியல, கேட்டுட்டுச் சொல்றேன்.” மனிதர்கள் நிறைந்த டெஸ்க்கில் ஒரு நாளைக்கு இருபது தடவை அது காதில் விழும். எனக்கு அது எரிச்சலாக இருந்த காலமும் உண்டு.

அப்புறம் நாயனக்காரர். மத்தியானம் இரண்டே கால் மணிக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், நாதஸ்வரக் கலைஞர், வயது 81, மாலை அடக்கம், தொடர்புக்கு மகனின் நம்பர். நாலு வரி. ஷிப்டில் இருந்த தம்பி அதை ஒட்டி ‘சிறப்புக் கட்டுரை’யை அழுத்தினான், அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு அன்றைக்கு 24 காப்பி டார்கெட். வந்தது பாருங்கள் நானூறு வார்த்தை, “இளம் வயதிலேயே இசையின் மீது தீராத நாட்டம் கொண்டு”, “கடல் கடந்தும் தன் இசையால் ரசிகர்களைக் கட்டிப்போட்ட”, “இவரது மறைவு இசையுலகுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு”, நடுவில் “தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்ற”. நாலு வரித் தகவலில் விருது எங்கே இருந்தது? நான் கருவியிடமே கேட்டேன், இவர் கலைமாமணி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. “மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அதை எடுத்துவிட்டு “பல்வேறு உயரிய விருதுகளைப் பெற்ற” என்று போட்டது.

மகனுக்குப் போன் செய்தேன். துக்க வீட்டில் பேசுவது எப்போதும் சங்கடம்தான், பின்னால் தவில் சத்தம் கேட்டது. வருத்தம் சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கலைமாமணி எந்த வருடம் என்று கேட்டேன், ஒருவேளை உண்மையாக இருந்து நாம் விட்டுவிடக்கூடாதே என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அது கெடைக்கலீங்க சார். ரெண்டு தடவை எழுதிப் போட்டாரு. அந்த ஒரு கொறதான் கடைசி வரைக்கும்.” அப்புறம் அவரே, “அதப் போட்டுடாதீங்க, ஊர்ல எல்லாருக்கும் தெரியும், சிரிப்பாங்க” என்றார். வேறு என்ன போடட்டும் என்று கேட்டேன். “ஒரே கோயில்ல அம்பத்தெட்டு வருஷம் வாசிச்சாரு, அதப் போடுங்க. போன மாசம் வரைக்கும் வாசிச்சாரு. சீவாளி கோத்த கயிறு இன்னும் நாயனத்துலயே தொங்குது, அவுக்க யாருக்கும் மனசு வரல.”

நூற்றிருபது வார்த்தையில் எழுதினேன். சீவாளி, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற அந்தச் சின்ன நாணல் துண்டு, கடைசி வரியில் வந்தது. பார்த்தவர்கள் 214 பேர். அன்றைய ராசிபலன், இயந்திரம் எழுதியது, அதைப் பார்த்தவர்கள் அதைப்போல எத்தனையோ மடங்கு. இந்த எண்ணை மறைத்துவிட்டு நான் எதையும் நியாயம் பேச முடியாது, மீட்டிங்கில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் காட்டினார்கள்.

இரங்கல் செய்தியை இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஏற்கெனவே உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் முன்னாள் வீரர் ஒருவர் 42 வயதில் இறந்தபோது, மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் பக்கத்தில் வெளியான ஒரு செய்தியின் தலைப்பில், அவர் ‘42 வயதில் பயனற்றவர்’ என்கிற பொருளில் ஆங்கில வார்த்தை இருந்தது. வேறு எங்கோ வந்த இரங்கலை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டு மறைக்கப் பார்த்த மாதிரி இருந்தது மொத்தக் கட்டுரையும். இறந்தவரின் வீட்டில் அதை யாராவது படித்திருப்பார்கள் இல்லையா.

பெயர் போடுகிற விவகாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தக் கருவியில் ‘எழுத்தாளர் உருவாக்கு’ என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், பெயர், முகம், இரண்டு வரி அறிமுகம், எல்லாம் அதுவே செய்யும். எங்கள் மார்க்கெட்டிங்கில் ஒருவருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் கதையை எடுத்துக் காட்டினேன். 2023 நவம்பரில் ஃபியூச்சரிசம் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளியிட்டது, அந்தப் பெரிய விளையாட்டுப் பத்திரிகையின் தளத்தில் பொருள் மதிப்புரை எழுதிய சில ‘எழுத்தாளர்கள்’ உலகத்திலேயே இல்லை, அவர்களின் முகங்கள் ஏஐ முகங்களை விற்கிற ஒரு தளத்தில் கிடைத்தன என்று. அதில் ஒரு மதிப்புரையில், வாலிபாலுக்குள் நுழைவது கொஞ்சம் சிரமம், அதுவும் பயிற்சி செய்யக் கையில் பந்து இல்லாவிட்டால், என்று எழுதியிருந்தது. கட்டுரைகளை மனிதர்கள்தான் எழுதினார்கள் என்று தங்களிடம் உறுதி சொல்லப்பட்டதாகப் பத்திரிகையை நடத்திய நிறுவனம் சொன்னது, கட்டுரைகளைக் கொடுத்த வெளி நிறுவனத்தோடு உறவையும் முறித்துக்கொண்டது. நானும் இப்போது மதிப்புரைதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் அந்தப் பந்து வாக்கியம் என் மண்டையிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. எப்படியோ எங்கள் தளத்தில் பொய் முகம் வரவில்லை. ‘வெப் டெஸ்க்’ என்று போடுகிறோம். டெஸ்க்கில் யாருமே இல்லாத இரவு ஷிப்டிலும் வெப் டெஸ்க்தான் எழுதுகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தால் போதுமே என்று மேனேஜ்மென்ட் சொல்கிறது, இந்தச் சேவையின் விற்பனைப் பக்கமும் அதையேதான் சொல்கிறது. அந்த ஒரு ஆள் இப்போது நான். 2025 மே மாதம் சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழோடு வந்த கோடைக்கால இணைப்பில் 15 புத்தகங்களைப் படிக்கச் சொல்லிப் பட்டியல் போட்டார்கள், அதில் பத்து புத்தகம் எழுதப்படவே இல்லை, எழுத்தாளர்கள் மட்டும் நிஜம். இணைப்பைத் தயாரித்தது வெளி நிறுவனம், எழுதியது ஒரு ஃப்ரீலான்சர், அவர் ஏஐயிடம் கேட்டு வாங்கியிருக்கிறார், யாரும் ஒரு தடவை கூடத் தேடிப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அந்தப் பத்திரிகை விருப்ப ஓய்வு கொடுத்துத் தன் ஊழியர்களில் ஐந்தில் ஒருவரை அனுப்பியிருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அந்த ஃப்ரீலான்சரை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நாளில் என் கண் வழியாக இப்போது 90 காப்பி போகிறது. 90க்கும் போன் போட முடியுமா?

வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு வரி. சவரன் தப்புக்கும் கலைமாமணிக்கும் புகார் அனுப்பினேன். பதில் சொன்னதும் ஆள் இல்லை, தானாகப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்தான். “உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்” என்று ஆரம்பித்தது, ‘மனித நடை’ பொத்தானைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி முடித்தது.

நட்சத்திரம் போட வேண்டுமே. எண்ணை வைத்து எழுதுகிற காப்பிக்கு ஐந்துக்கு நாலு, ஒரு ஆள் எண்ணை ஒத்துப் பார்ப்பதாக இருந்தால். ஏஜென்சி காப்பி மொழிபெயர்ப்புக்கு இரண்டரை, உறவுமுறை, சாமி, சாவு வருகிற காப்பி என்றால் அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு மூன்று, பத்தில் இரண்டு நன்றாகவே இருக்கும், சில நாள் நான் யோசித்ததைவிட நன்றாக. சிறப்புக் கட்டுரைக்கு ஒன்று. ‘எழுத்தாளர் உருவாக்கு’ வசதியைத் தொடாதீர்கள். சின்னத் தளம், இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள், ஆங்கிலக் காப்பி மலைபோல் வருகிறது என்றால் வாங்கலாம். இருக்கிற ஆளை அனுப்பிவிட்டு இதை வாங்கலாமா என்று கேட்கிற முதலாளிகளுக்கு நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது, விலைப்பட்டியல்தான் ஏறும். அதனால் கிரெடிட் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள்.

இதை எழுத ஆரம்பித்து மூன்று வாரம் ஆயிற்று, இடையில் ஒன்று நடந்தது, அதையும் சேர்த்துவிடுகிறேன். சந்தாவை வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள், கூடுதலாக இரண்டு லாகின். அதே மெயிலில் இரண்டாவது பத்தியில், மாவட்ட ஸ்ட்ரிங்கர்களுக்கும் டெஸ்க்குக்கும் கொடுத்துவந்த போன் படி, மாதம் 300 ரூபாய், இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. நீல நோட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அட்டை பிய்ந்திருந்தது, பிரவுன் ஷீட் போட்டிருக்கிறேன். பெரியப்பா என்று சொன்ன அந்த ஸ்ட்ரிங்கரின் நம்பரை மட்டும் என் சொந்த போனில் ஏற்றிக்கொண்டேன்.